இல்லத்தில் இரண்டாம் மொழி

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு நாள், தபாற்காரர் நீண்ட உறையொன்றை எம் வீட்டு வாயிலிற் கொடுத்துச் சென்றார். அரச இலச்சினை பொறித்த அவ்வுறையினுள் ஒற்றைத் தாள் ஒன்றே இருந்தது. என் பெயரும் முகவரியும் நீங்கலாக அதிலிருந்தவை யாவும் சிங்களம். ஒரு திகதியும், கோவை இலக்கமும், 14 என்னும் எண்ணும் மாத்திரம் எனக்கு விளங்கின. அப்பதினான்கு நாளைக் குறித்ததோ, பிரிவைக் குறித்ததோ, யான் அறியேன். இருபது ஆண்டாக மாணவர்க்கு எழுத்தும் சொல்லும் கற்பித்து வரும் ஆசிரியன், தன் பெயருக்கு வந்த கடிதத்தை எழுத்தறியாதான்போலக் கையிற் பிடித்துக்கொண்டு நின்றான்.

கடைத்தெருவில் எமக்குப் பழக்கமான நானா ஒருவர் உளர். 1990ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வடபுலத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபொழுது, அவர் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு புத்தளம் சென்ற சிறுவர். அங்கே அகதி வாழ்விற் கற்ற சிங்களம் இன்று அவருக்குக் கைம்முதல். கடிதத்தை ஒரு மூச்சில் வாசித்தார். “பதினாலு நாளுக்குள்ளே பதில் போடவேணுமாம், சேர். கடிதத்திலே உள்ள திகதிப்படி இன்றைக்குப் பதினோராவது நாள்” என்றார். அன்றிரவு, தரம் ஆறிற் படிக்கும் என் மகள், “அப்பா, உங்களுக்குப் பள்ளிக்கூடத்திலே சிங்களம் படிப்பிக்கவில்லையா?” என்று வினவினாள். போர்க்காலத்தில் எமக்குச் சிங்களம் கற்பிக்க ஆசிரியர் எவரும் இருந்திலர் என்று விடை கூறினேன். “அப்படியென்றால் இப்பொழுது படிக்கலாமே” என்றாள். அன்று தொடங்கி எம் வீட்டில் நாங்கள் செய்துவரும் முயற்சியும், அதிற் பட்ட தவறுகளும், அறிந்துகொண்ட சில உண்மைகளுமே இக்கட்டுரையின் பொருள்.

இதனைப் படிக்கும் மூத்த பழைய மாணவர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும் என்பதை அறிவேன். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் வந்தபொழுது, சிங்களத் தேர்ச்சி பெறாத தமிழ் உத்தியோகத்தர் பதவி உயர்வை இழந்தனர். பலர் கட்டாயத்துக்குப் பணிய மறுத்து இளைப்பாறினர். அம்மறுப்பில் ஒரு மானம் இருந்தது. அதனைக் குறைத்துப் பேசுதல் எனக்கு உடன்பாடன்று. ஆயின், 1987இல் நிறைவேறிய பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. மறுவாண்டு வந்த பதினாறாம் திருத்தம் நிருவாகம், நீதிமன்றம் ஆகியவற்றிற் பயன்படுத்தும் மொழி பற்றி விரித்துரைத்தது. 2007இல் வந்த அரசாங்கச் சுற்றறிக்கையோ, புதிதாக அரச சேவையிற் சேர்வோர், தமிழராயினும் சிங்களவராயினும், மற்றைய அரசகரும மொழியிலே தேர்ச்சி பெறவேண்டும் என விதித்தது. அன்று ஒருவழிப் பாதையாக இருந்தது, ஏட்டளவிலேனும் இருவழிப் பாதை ஆயிற்று. தமிழிற் கடிதம் பெறுதல் என் உரிமை. சிங்களம் கற்பதனால் அவ்வுரிமையை யான் விட்டுக்கொடுத்தவன் ஆகேன். அந்தக் கடிதத்துக்கும் தமிழிலேயே பதில் எழுதி, இனிமேல் தமிழிலே தொடர்புகொள்ளுமாறு கேட்டுக்கொண்டேன். ஆனால் அவ்வாறு கேட்பதற்கும், வந்த கடிதத்தில் என்ன இருக்கின்றது என்று முதலில் விளங்கவேண்டுமன்றோ?

இதனிலும் கூரிய ஐயம் வேறொன்று உண்டு. பிள்ளையின் தமிழுக்கு ஊறு நேராதா என்பதே அது. தமிழாசிரியனாகிய எனக்கு இவ்வையம் பிறரைவிட அதிகமாகவே இருந்தது.

கனடா நாட்டில், மொன்றியல் நகரை அடுத்த செயின்ற் லம்பேர்ட் என்னுமிடத்தில், 1965ஆம் ஆண்டு ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் தம் பிள்ளைகளுக்குப் பாடசாலையின் முதல் வகுப்புகளைப் பிரெஞ்சு மொழியிலேயே நடத்தவேண்டுமென வற்புறுத்தித் தனி வகுப்பொன்று தொடங்குவித்தனர். மக்கில் பல்கலைக்கழகத்து உளநூலறிஞர் வாலஸ் லம்பேர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் அப்பிள்ளைகளைப் பல ஆண்டு தொடர்ந்து ஆராய்ந்தனர். தொடக்கத்தில் ஆங்கில வாசிப்பிற் சிறிது பின்தங்கிய அப்பிள்ளைகள், ஆங்கிலப் பாடம் தொடங்கியபின் ஏனையோரோடு ஒத்த நிலையை எய்தினர். பிரெஞ்சு அவர்களுக்கு மேலதிகமான செல்வம் ஆயிற்று. இச்செய்தியை எடுத்துக்காட்டி, ‘எத்தனை மொழியும் கற்கலாம், தாய்மொழிக்குத் தீங்கில்லை’ என்று கூறுவார் உளர். அவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அப்பிள்ளைகளின் தாய்மொழி ஆங்கிலம். தெருவிலும் கடையிலும் திரைப்படத்திலும் கண்டம் முழுவதும் அதனைத் தாங்கி நின்றது. லம்பேர்ட்டே பிற்காலத்தில் இருமொழியறிவை இரு வகையாகப் பிரித்தார்: முதன்மொழியோடு இன்னொன்றைக் கூட்டுவது ஒன்று, முதன்மொழியைக் கழித்து அவ்விடத்தில் இன்னொன்றை வைப்பது மற்றொன்று.

கழிவுக்கு எடுத்துக்காட்டுத் தேடிக் கனடாவுக்குச் செல்லவேண்டியதில்லை. எமது கரையோரமாகத் தெற்கே சென்றால் சிலாபமும் நீர்கொழும்பும் உள்ளன. அங்கே பாட்டனாரும் பாட்டியாரும் தமிழிற் செபஞ்சொல்ல, பாடசாலை மொழி சிங்களமாக மாறியபின், பேரப்பிள்ளைகள் தமிழ் அறியாது வளர்ந்த குடும்பங்கள் பல. அதே கரையில் உடப்பூர் மக்களோ, சுற்றிலும் சிங்களம் வழங்கவும், வீட்டிலும் கோயிலிலும் தமிழை விடாது இரு மொழியும் பேசி வாழ்கின்றனர். இவ்விரண்டையும் ஒப்பிட்டு யான் கொண்ட முடிவு இது: வீட்டு மொழி தமிழாகவே இருத்தல் வேண்டும், சிங்களத்துக்கு வீட்டில் ஒரு வேளையும் ஓர் இடமும் குறித்துக் கொடுத்தல் வேண்டும். அந்த எல்லைக்குள் அது தாராளமாக வளரட்டும். தாய் பிள்ளையோடு அரைகுறைச் சிங்களத்தில் நாள் முழுதும் பேசத் தொடங்கினால், பிள்ளைக்கு அரைகுறைச் சிங்களமும் வரும். அரைகுறைத் தமிழும் வரும்.

எம் வீட்டில் அவ்வேளை மாலைத் தேநீர் வேளை. இடம் குசினி. இருபது நிமிடம். அந்நேரத்திற் சிங்களம் மாத்திரம். சொல்லத் தெரியாததைக் கையாற் சுட்டலாம், தமிழாற் சொல்லலாகாது. முதல் வாரம் எங்கள் குசினி ஊமைகளின் குசினியாக இருந்தது என்பதை ஒளிக்காமற் கூறுகின்றேன்.

எனக்கே தெரியாத மொழியை என் பிள்ளைக்கு எவ்வாறு கற்பிப்பேன் என்று அஞ்சும் பெற்றோர்க்கு ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. சிங்களம் வட இந்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ் திராவிடக் குடும்பத்தது. இருந்தும், இரண்டாயிரம் ஆண்டு அயலில் வாழ்ந்தமையால் வாக்கிய அமைப்பில் இரண்டும் உடன்பிறந்தார் போலாகிவிட்டன. ‘அம்மா கடைக்குப் போய்ப் பாண் கொண்டுவந்தா’ என்பதைச் சிங்களத்தில் ‘அம்மா கடேட்ட கிஹில்லா பான் கெனாவா’ என்பர். அம்மாவுக்கு அம்மா, கடைக்குக் கடே, நான்காம் வேற்றுமை உருபுக்கு ‘ட்ட’, போய் என்னும் வினையெச்சத்துக்குக் ‘கிஹில்லா’, பாணுக்குப் பான், கொண்டுவந்தா என்பதற்குக் ‘கெனாவா’. ஒரு சொல்லேனும் இடம் மாறவில்லை. எனக்குப் பசி என்பது ‘மட்ட படகினி’. ‘நான் போறது வீட்டுக்கு’ என்று நாம் அழுத்திக் கூறுவதை அவர்களும் ‘மம யன்னே கெதர’ என்று அதே மாதிரி திருப்பிப்போடுவர். விடைபெறும்பொழுது ‘போகிறேன்’ என்னாது ‘போய்விட்டு வருகிறேன்’ என்பது நம் மரபு. அவர்கள் கூறும் ‘கிஹின் என்னம்’ என்பதும் அதுவே. ஆங்கிலம் கற்கும் பிள்ளை வாக்கியத்தை வால்முதல் தலையாகத் திருப்பவேண்டியிருக்கின்றது. சிங்களம் கற்கும் பிள்ளைக்கு அத்துன்பம் இல்லை. தமிழ் வாக்கியத்தை மனத்திற் கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றினாலே பெரும்பாலும் சரியாக வந்துவிடும். பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் எழுந்த சிதத்சங்கராவ என்னும் சிங்கள இலக்கண நூலில் எமது வீரசோழியத்தின் செல்வாக்கு உண்டென அறிஞர் கருதுவதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இன்னும் ஓர் எளிமை: பேச்சுச் சிங்களத்தில் வினை, இடமும் பாலும் காட்டாது. மம யனவா, அப்பி யனவா, எயா யனவா என்று நான், நாம், அவர் எல்லார்க்கும் ‘யனவா’ ஒன்றே. செல்கிறேன், செல்கிறோம், செல்கிறாய், செல்கிறாள் என ஒவ்வொன்றாக மாற்றிப் பழகிய நம் பிள்ளைக்கு இது விடுமுறை போன்றது. எனவே பத்து வினைச்சொற்களை முதலில் எடுத்துக்கொண்டோம்: போ, வா, உண், குடி, பார், கொடு, எடு, செய், சொல், இரு என்னும் பொருளுடையவை. இவற்றோடு முடியும் எனப் பொருள்படும் ‘புளுவன்’, வேண்டும் எனப் பொருள்படும் ‘ஓனே’, வேண்டாம் எனப் பொருள்படும் ‘எப்பா’ ஆகிய மூன்றும் சேர்ந்தால், ஒரு குசினியில் நடைபெறும் பேச்சின் பெரும்பகுதி முடிந்தது. ‘வத்துர தென்ன’, தண்ணீர் தாருங்கள் என்பதே என் மகள் தானாகக் கூறிய முதல் வாக்கியம்.

‘இரு’ என்னும் வினையிலே மாத்திரம் ஓர் எச்சரிக்கை. அம்மா இருக்கிறா, புத்தகம் இருக்கிறது என்று நாம் இரண்டுக்கும் ஒரே வினையடியை வழங்குகின்றோம். சிங்களத்தில் உயிருள்ளவற்றுக்கு ‘இன்னவா’, உயிரில்லாதவற்றுக்குத் ‘தியெனவா’. மகள் புத்தகத்துக்கும் ‘இன்னவா’ என்றே பல நாள் கூறிவந்தாள். நமது திணைப் பாகுபாடு பகுத்தறிவை ஒட்டியது; அவர்களுடையது உயிரை ஒட்டியது. நாய் நமக்கு அஃறிணை. அவர்கள் மொழியில் அது ‘இன்னவா’ என்னும் வரிசையில் மனிதரோடு நிற்கும். இதனை விளக்கியபொழுது, வகுப்பிலே திணை என்றதும் கொட்டாவி விடும் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து, “அப்படியென்றால் செத்த மீனுக்கு எது?” என்று கேட்டாள். நானாவிடம் கேட்டு வந்தோம். கடையிலே மீன் ‘தியெனவா’ தான். பிற மொழி கற்பது தமிழிலக்கணத்துக்குப் பகையன்று, துணையே என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சொற்களிலும் நாம் வெறுங்கையோடு தொடங்கவில்லை. மாமா, அக்கா, ஆச்சி, முதலாளி, சல்லி, தொப்பி, முருங்கை, பிட்டு முதலியன சிறு மாற்றத்தோடு அங்கும் வழங்குகின்றன. போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் இரு மொழிக்கும் பொதுவாக விட்டுச்சென்றவை வேறு: மேசை, சன்னல், அலுமாரி, சப்பாத்து, பாண், போஞ்சி. நம்மூர்ப் பெரியவர்கள் அலுவலகத்தைக் ‘கந்தோர்’ என்பது ஒல்லாந்தச் சொல். சிங்களத்தில் அது ‘கந்தோருவ’. கடற்கரையில் நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவர் பருவந்தோறும் வந்து தங்கும் வாடியை அவர்களும் ‘வாடிய’ என்பர். கருவாடு அவர்களிடத்தில் ‘கரவல’. இத்தகைய சொற்களைப் பிள்ளையே வீட்டைச் சுற்றித் தேடிப் பட்டியல் செய்யட்டும். மொழி அந்நியமானது என்னும் அச்சம் அப்பட்டியல் நீள நீளக் குறையும்.

இச்சொற்களிடையே வேடதாரிகளும் உளர். சிங்களத்தில் ‘தாத்தா’ என்பவர் தந்தை, பாட்டனார் அல்லர். ‘ஐயா’ என்பவர் தமையனார். ‘மல்லி’ சமையலுக்கு உதவாது. அது தம்பியைக் குறிக்கும். ‘செல்லம்’ என்றால் விளையாட்டு. எல்லாவற்றிலும் கெட்ட வேடதாரி ‘என்ன’. அது சிங்களத்தில் ‘வாருங்கள்’ எனப் பொருள்படும். எம் வீட்டுக்கு வந்த சிங்கள நண்பர் ஒருவர், புறப்படும்பொழுது என் மகளை நோக்கி, எங்கள் வீட்டுக்கும் வாருங்கள் என்னும் கருத்தில் “என்ன, என்ன” என்றார். அவள் விழித்துவிட்டு “ஒன்றுமில்லை, மாமா” என்றாள். இவ்வகைச் சொற்களைப் பிள்ளைகள் ஒருமுறை சிரித்தால் ஒருபோதும் மறப்பதில்லை; ஆதலால் வேடதாரிகளைத் தனிப் பக்கத்தில் எழுதிவைப்பது நன்று.

இனி ஒலி. இங்கேதான் தமிழ்ப் பிள்ளைக்கு உண்மையான இடர் இருக்கின்றது. பெரும்பாலான பெற்றோர் கவனியாது விடுவதும் இதையே. யான் இக்கட்டுரையிற் சிங்களச் சொற்களைத் தமிழ் எழுத்தால் எழுதுகின்றேன்; இதழின் பொருட்டு வேறு வழியில்லை. ஆனால் பிள்ளையின் கொப்பியில் அவ்வாறு எழுதவிடுதல் கூடாது. காரணம் கூறுவேன். வீதி என்னும் பொருளில் வரும் ‘பார’ வல்லொலியுடன் தொடங்குவது. பொறுப்பு என்னும் பொருளில் வரும் ‘பார’, நாம் ‘அன்பு’ என்பதிற் பகரத்தை ஒலிப்பதுபோல மெலிந்து தொடங்குவது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றே. மரத்தின் அடியும் மலையும் நம் எழுத்தில் ‘கந்த’ என்றே முடியும். சிங்களத்தில் முன்னதன் மெல்லொலி அரைப்பங்கே நின்று அடுத்த ஒலியில் ஒட்டிக்கொள்ளும். அதற்கெனத் தனி எழுத்தும் உண்டு. குறில் நெடிலோ நமக்குப் பழக்கமானதே. ஆயினும் விழிப்பு வேண்டும்: ‘லுணு’ உப்பு, ‘லூனு’ வெங்காயம். உப்பு விளையும் மன்னாரிலே பிறந்த பிள்ளை உப்புக் கேட்டு வெங்காயம் பெறுவது அழகன்று.

யாவற்றிலும் முதன்மையானது, அகரத்துக்கும் எகரத்துக்கும் இடையே நிற்கும் ஓர் உயிர். ஆங்கிலத்திற் பூனையைக் குறிக்கும் சொல்லின் நடுவே வருவது அது. வாயை அகரத்துக்குத் திறந்துகொண்டு எகரம் சொல்ல முயன்றால் ஏறக்குறைய வரும். சிங்கள நெடுங்கணக்கில் அகர ஆகாரங்களை அடுத்து இவ்வுயிரின் குறிலும் நெடிலும் தம் இடத்தில் நிற்கின்றன. இதனை ஏன் இவ்வளவு வற்புறுத்துகின்றேன் எனின், சிங்களத்தின் இறந்தகாலம் பெரும்பாலும் இவ்வொலியிலே தங்கியிருக்கின்றது. நாம் இடைநிலை சேர்த்துக் காலங்காட்டுகின்றோம். அவர்கள் முதலெழுத்தின் உயிரை மாற்றியும் காட்டுவர். பார்க்கிறான் என்பது ‘பலனவா’. பார்த்தான் என்பதில் முதலெழுத்து இவ்விடையுயிரைப் பெற்றுப் ‘பெலுவா’ என்பதற்கு அண்மையில் ஒலிக்கும். உண்கிறான் ‘கனவா’, உண்டான் என்பதில் அதே ஒலி நீண்டு ‘கேவா’ என்பதற்கு அண்மையில் வரும். ‘இல்லை’ என்னும் சொல்லும் இவ்வொலி கொண்டதே. ஆகவே இவ்வொன்று வாயில் வராத பிள்ளைக்கு நேற்று நடந்ததையும் சொல்லமுடியாது, இல்லை என்றும் சொல்லமுடியாது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை கேட்டவாறே திருப்பிச் சொல்லும். நாற்பதைக் கடந்த நமக்கு நாக்கு வளைவதில்லை. எனவே ஒலிக்கு ஆசான் தந்தையாதல் கூடாது. நானாவின் கடையில் நாள்தோறும் ஐந்து நிமிடம் என் மகள் நிற்கின்றாள். ஒரு சாமானைச் சிங்களத்தில் விலை கேட்டு வாங்குகின்றாள். வானொலிக் கிரிக்கெட் வருணனையும், சிறுவர் பாட்டும் பயன்படும். ஒரு மணி நேரம் புதிது புதிதாகக் கேட்பதைவிட, ஒரே ஐந்து நிமிடப் பதிவைக் கையடக்கத் தொலைபேசியில் ஒரு வாரம் திரும்பத்திரும்பக் கேட்பதே மேல்.

பிழை திருத்துவதில் நம் ஆசிரிய வழக்கத்தை விடவேண்டியிருக்கின்றது. யான் முதலிற் சொல்லுக்குச் சொல் இடைமறித்தேன். மூன்றாம் நாள் பிள்ளை வாய்திறக்க மறுத்துவிட்டாள். பிள்ளை ‘பொத்த இன்னவா’ என்றால், பிழை என்று கூறாது, ‘ஆம், பொத்த தியெனவா’ என்று நாம் சரியாகத் திருப்பிச் சொன்னாற் போதும். சில நாளில் அது தானே மாறிவிடும்.

மரியாதையைப் பற்றிக் கட்டாயம் கூறவேண்டும். எமது கரையிற் சிறுவர் பலர் மீன் ஏலம் நடைபெறும் இடங்களிலும் வாடிகளிலும் சிங்களம் பழகுகின்றனர். ஒலி நன்றாக வரும். ஆனால் அங்கே வழங்குவது ஒத்த தொழிலாளர் ஒருவரையொருவர் விளிக்கும் பேச்சு. ‘வரென்’ என்றால் ‘வாடா’. ‘பலயன்’ என்றால் ‘போடா’. ‘உம்ப’ என்பது நம் ‘நீ’யிலும் தாழ்ந்தது. அவ்வாறு பழகிய சிறுவன் ஒருவன், ஊருக்கு வந்த பெரியவர் ஒருவரை அன்போடு ‘வரென்’ என்று அழைத்துவிட்டு, அவர் முகம் ஏன் மாறிற்று என்று விளங்காது நின்றதைக் கண்டேன். அழைப்பதற்கு ‘என்ன’, போகச் சொல்வதற்கு ‘யன்ன’ என்னும் வடிவங்களையே பிள்ளை முதலிற் பழகவேண்டும். நமது ‘நீங்கள்’ போல எவரிடத்தும் அஞ்சாது வழங்கக்கூடிய முன்னிலைப் பெயர் அங்கே இல்லை. ‘ஒயா’ ஒத்தாரிடத்தே பொருந்தும். பெரியவரிடத்தே முன்னிலைப் பெயரை விடுத்து மாமா, நேந்தா, மஹத்தயா, சேர் என விளித்துப் பேசுவதே மரபு.

எழுத்தை மூன்று மாதம் தள்ளிவைத்தோம். செவியும் வாயும் பழகியபின் தொடங்கியமையால் அது எதிர்பார்த்ததிலும் விரைவாக வந்தது. உயிர்மெய்யின் தத்துவம் இரு மொழிக்கும் ஒன்றே. எகரத்துக்கு நாம் எழுத்தின் இடப்புறத்தே இடும் கொம்பை அவர்களும் இடப்புறத்தே இடுவர். அதன் பெயரும் ‘கொம்புவ’. ஒகரத்துக்கு இடப்புறம் கொம்பும் வலப்புறம் காலும் வருதல் அங்கும் உண்டு. ஒரு பொறி மாத்திரம் உள்ளது: நமக்கு இரட்டைக்கொம்பு ஏகாரம், அவர்கள் இரண்டு கொம்பு இட்டால் அது ஐகாரம். வாசிப்புப் பயிற்சிக்குப் பணங்கொடுத்து நூல் வாங்கவேண்டுமென்பதில்லை. பணமே நூல்தான், நமது நாணயத்தாள் ஒவ்வொன்றிலும் மும்மொழி உண்டு. பால்மாப் பைக்கற்றிலும் மருந்துப் பெட்டியிலும் பஸ் வண்டியின் நெற்றியிலும் ஒரே செய்தி பக்கம் பக்கமாக நிற்கின்றது. 1990இல் அழிந்து, 2015 மார்ச்சில் தலைமன்னார் வரை மீண்டும் திறக்கப்பட்ட புகையிரதப் பாதையின் நிலையங்களிலே பெயர்ப்பலகைகள் மும்மொழியில் உள்ளன. முருங்கன், மாதோட்டம், திருக்கேதீச்சரம், மன்னார், பேசாலை என ஒவ்வொரு பலகையிலும் தமிழை மறைத்துக்கொண்டு சிங்களத்தை வாசிப்பது என் மகளுக்கு விளையாட்டு. பொருளை முன்னரே அறிந்த சொற்களாதலால் எழுத்தில் மாத்திரம் மனம் செல்லும். முதல் வாசிப்புக்கு இதனினும் நல்ல பாடம் எவரும் இயற்றமுடியாது.

பாடசாலைப் பாடநூலை இதன்பின்னரே எடுத்தோம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்து இரண்டாம் மொழிச் சிங்கள நூல் பயனுள்ளதே. அதற்குரிய ஆசிரியர் போதாமையே எமது மாவட்டத்தின் குறை. நூலோடு வரும்பொழுது பிள்ளை ஒரு திகைப்பை அடையும். குசினியில் ‘மம யனவா’ என்றது ஏட்டில் ‘மம யமி’ என்று நிற்கும். நாம் என்பதற்கு ‘யமு’, அவன் என்பதற்கு ‘யயி’ என, இல்லையென்று மகிழ்ந்த இடவிகுதிகள் திரும்பி வந்துவிடும். எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வேறாதல் நமக்குப் புதிதன்று. ‘நான் போறன்’ என்று பேசிக்கொண்டே ‘யான் செல்கிறேன்’ என்று எழுதும் மக்கள் நாம். இதைச் சொல்லிவிட்டால் திகைப்புத் தீரும். கந்தோர்க் கடிதங்கள் ஏட்டு வழக்கில் வருவன. ஆதலால் எனக்கு வந்தது போன்ற கடிதம் ஒன்றைத் தானே வாசித்தறியப் பிள்ளைக்கு இன்னும் இரண்டு மூன்று ஆண்டு செல்லும். இருபது நிமிடத்தில் வானத்தை வளைக்க முடியாது.

பாரிசிலும் மொன்றியலிலும் வாழும் பழைய மாணவர்க்கு ஒன்று கூறுவேன். அங்கே பிரெஞ்சுக்குத் தெருவும் பாடசாலையும் போதும். வீட்டில் வேளையும் இடமும் குறித்துக் காக்கவேண்டியது தமிழையே. எம் குசினி விதியை அவர்கள் தலைகீழாக்கிக்கொள்ளட்டும்: இருபது நிமிடம் பிரெஞ்சு, மிகுதி நேரமெல்லாம் தமிழ்.

கொழும்பிலும் குருநாகலிலும் அனுராதபுரத்திலும் தொழில்புரியும் அன்பர்களிடம் எனக்கு வேறொரு கேள்வி உண்டு. விடுமுறைக்கு ஊர் வரும்பொழுது, ஆறு ஏழு வயதுச் சிங்களப் பிள்ளைகள் படிக்கும் கதைநூல்களில் இரண்டொன்றைக் கல்லூரி நூலகத்துக்குக் கொண்டுவந்து தருவீர்களா? பரீட்சை வழிகாட்டிகள் வேண்டா. அவை மன்னார்க் கடைகளிலேயே கிடைக்கின்றன. படம் பெரிதாகவும், ஒரு பக்கத்தில் மூன்று நான்கு வரிக்கு மேற்படாமலும், கூடுமானால் உரையாடல் பேச்சு வழக்கிலும் அமைந்த மெல்லிய நூல்களே வேண்டும். பழையனவாயினும் குற்றமில்லை. என் மகளிடம் இப்பொழுது இருப்பது ஒன்றே. புத்தளத்தில் நானாவின் மகன் படித்தது. அட்டை கிழிந்துவிட்டது. கதையையும் அவள் மனனஞ்செய்துவிட்டாள்.